தண்டில்லாக் காசித்தும்பை

கொல்கத்தாவில் வாழும் தமிழர் 'தோபாட்டி' என்னும் பூச்செடியை அறிவர். மராட்டிய நாட்டில் அதன் பெயர் 'தேர்டா'; கௌரி பூசைக்கு உரியது. இந்தி வழங்கும் ஊர்களில் 'குல்மெஹந்தி' என்பர். கேரளத்தார் ஓணக் கோலத்தில் அதன் பூக்களை இடுவர். பெயர் பலவாயினும் செடி ஒன்றே. நம் ஊர்க் கொல்லைகளில் காசித்தும்பை என்று நின்றதும் அதுவே. சிவபெருமானுக்குச் சூட்டும் வெண்தும்பை வேறு. பெயரளவிலன்றி இரண்டுக்கும் உறவு இல்லை.

தோட்டத்துக் காசித்தும்பைக்குக் காட்டில் உறவினர் மிகப் பலர். உலகில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களும், இந்தியாவில் இருநூற்றுக்கு மேற்பட்டவையும் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூற்றுக்கு மேல் உண்டு; அவற்றுட் பெரும்பாலானவை வேறெங்கும் வளராதவை. அவற்றில் ஒன்றின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறோம். தாவர நூலார் அதனை 'இம்பேஷியன்ஸ் ஸ்கேப்பிஃப்ளோரா' என்பர்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நீர் வழியும் பாறைகளிலும் பாசி படர்ந்த மரங்களிலும் இச்செடி தோன்றும். இதற்குத் தண்டு இல்லை. சிறு கிழங்கிலிருந்து சில இலைகள் நேராகவே எழும். அவற்றின் நடுவே இலையற்ற காம்பொன்று நிமிர்ந்து, இளஞ்சிவப்பு மலர்களைத் தாங்கும். மலரின் பின்னே மெல்லிய வால் ஒன்று வளைந்து நிற்கும்; தேன் அதனுள் இருக்கும். மழை நின்றால் இலையும் பூவும் அழியும். கிழங்கு மட்டும் அடுத்த ஆண்டு வரை உறங்கும்.

இப்பூவின் அமைப்பு காண்பவரை ஏமாற்றுவது. அல்லி இதழ்கள் மூன்று போலத் தோன்றும், உண்மையில் ஐந்து. பக்கத்திற்கு இரண்டிரண்டாக ஒட்டிச் சிறகுகளாகி விடுகின்றன. கீழே தொங்கும் வாலுடைய உறுப்பு இதழன்று, புல்லி. அதுவும் பிறப்பில் மேற்புறத்தது. காம்பு முறுக்கிக்கொள்வதால் கீழே வந்தது. ஐந்து மகரந்தத் தாள்களும் கூடிச் சூலகத்தின் மேல் குல்லாய்போல் கவிந்திருக்கும். மகரந்தம் தீர்ந்ததும் குல்லாய் கழன்று விழும். அதன் பின்னரே சூல்முடி வெளிப்படும். ஒரே பூ முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் வாழ்கிறது என்க. காய் முற்றியபின் தொட்டால் போதும். ஐந்து தோல்களும் சுருண்டு விதைகளை எறிந்துவிடும். லின்னேயஸ் 1753-இல் இப்பேரினத்தைப் 'பொறுமையற்றது' என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் குறித்தது இதனாலேதான்.

மகரந்தப் பைகள் ஒட்டியிருத்தலைக் கண்ட லின்னேயஸ், காசித்தும்பையை வயலட், லொபீலியா ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அமர்த்தினார். ஓர் உறுப்பை மட்டும் நோக்கி உறவு கூறுவதால் வரும் வினை இது. குளங்களில் வளரும் செடியொன்றையும் அவர் இப்பேரினத்தில் சேர்த்திருந்தார். அதன் இதழ்கள் தனித்தனியே நிற்கின்றன, கனியும் வெடிப்பதில்லை என்று கண்டு, 1834-இல் ராபர்ட் வைட், ஆர்னட் ஆகிய இருவரும் அதனைப் பிரித்து 'ஹைட்ரோசெரா' என்னும் தனிப் பேரினத்தில் வைத்தனர்.

இனி நம் செடிக்குப் பெயர் வந்த கதை. தரங்கம்பாடிக்கு மொரேவியப் பாதிரியாராக வந்த பெஞ்சமின் ஹைனே, பின்னர் கம்பெனியின் மருத்துவராகி, மைசூர் நில அளவைப் பணியில் இயற்கை நூலாராகச் சுற்றியவர். 'ஸ்கேப்பிஃப்ளோரா' என்ற பெயர் அவருடையது. காம்பில் மலர்வது என்பது பொருள். அச்சில் காணும்முன் 1819-இல் அவர் காலமானார். கல்கத்தாத் தோட்டத்தின் தலைவராயிருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் எழுதிவைத்த 'ஃப்ளோரா இண்டிகா' கையெழுத்துப் பிரதியோ, அவர் 1815-இல் மறைந்தபோது அச்சேறாமலே இருந்தது. வாலிச் புதிய செடிகளைச் சேர்க்க, வில்லியம் கேரி பதிப்பிக்க, அதன் இரண்டாம் தொகுதி 1824-இல் செராம்பூரில் வெளிவந்தது. தென்மலைச் செடி வங்கத்து அச்சகத்தில் பெயர் பெற்றது.

தாவர நூல்களில் இப்பெயரை அடுத்து ஹைனே என்றும், பிறகு 'எக்ஸ்' என்றும், அதன் பின்னரே அச்சேற்றியவர் பெயரும் காணப்படும். பெயரை ஈந்தவர் ஒருவர், வெளியிட்டவர் மற்றொருவர் என்பதே அச்சிறு இலத்தீன் சொல்லின் கருத்து. நூலின் எப்பக்கத்திலும் தம் பெயர் தோன்றாத மொழிபெயர்ப்பாளர் கூட்டத்தைச் சேர்ந்த நமக்கு இவ்வழக்கம் சற்றுப் பொறாமையூட்டுவது!

காசித்தும்பையை உலர்த்திக் காப்பது கடினம். செடி முழுதும் நீர். தாளிடையே அழுத்தினால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சிறகின் வடிவம் போனால் இனம் அறிய வழியில்லை. ஆகவே உயிருள்ள பூவைப் பார்த்து வரைந்த படம் நூறு உலர்மாதிரிகளுக்கு மேலானது. வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட 'ஐகோன்ஸ்' என்னும் 2101 படங்களின் தொகுப்புக்கு ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் உழைத்தனர். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் இட்டார்.

இக்கடினம் ஜோசப் ஹூக்கரை இறுதிவரை விடவில்லை. ஏழு தொகுதிகளாகப் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலை 1897-இல் முடித்த பிறகும் அவருக்குக் காசித்தும்பைகளைப் பற்றி மன நிறைவு இல்லை. மீண்டும் அவற்றையே ஆராய்ந்து, எண்பத்தாறு வயதுக்கு மேல், 1904 முதல் 1906 வரை கல்கத்தாத் தாவர ஆய்வுத் துறையின் வெளியீட்டில் புதிய தொகுப்பை அளித்தார். 1911-இல் தொண்ணூற்று நான்கு வயதில் மறையும் வரை அந்த உலர்ந்த பூக்களை நீரில் நனைத்துப் பிரிப்பதே அவர் தொழிலாயிற்று.

ஹூக்கர் இவற்றை ஜெரேனியக் குடும்பத்தில் அடக்கியிருந்தார். இன்று மரபணு ஆய்வு இவற்றைத் தேயிலை, இலுப்பை, மகிழம் ஆகியவை அடங்கும் வரிசையில் சேர்க்கிறது. வாசலில் நின்ற மகிழமரமும் கொல்லைக் காசித்தும்பையும் தூரத்து உறவினர் என்று அந்நாளில் யார் நினைத்தார்!

மேற்குத் தொடர்ச்சி மலை இனங்கள் அனைத்தையும் தொகுத்து வி. பாஸ்கர் 2012-இல் தனிநூல் வெளியிட்டார். ஒரே மலைச்சரிவை நம்பி வாழும் இனங்கள் இவற்றில் உண்டு. சாலைக்காக நீர் வழியும் பாறையொன்று உடைக்கப்பட்டால் ஓர் இனத்தின் வாழ்விடமே குறைந்துவிடும்.

தண்டு இல்லாதவை, உள்ளவை என 1895-இல் ஜெர்மானிய நூலார் பேரினத்தை இரண்டாகப் பகுத்தனர். 2016-இல் மரபணுவையும் உறுப்பமைப்பையும் சேர்த்து நோக்கிய ஆய்வாளர் அப்பகுப்பைக் கைவிட்டு வேறு இரு பிரிவுகளை அமைத்தனர். நம் செடி அவற்றுள் பெரும் பிரிவில், தண்டுடைய உறவினரோடு கலந்து நிற்கிறது. 1824-இல் பெற்ற பெயர் மாறவில்லை; ஹைனேயும் 'எக்ஸ்' என்பதற்கு முன்னே இருக்கிறார்.