காப்பதற்குப் பூசியதே கறையாவது ஏன்?

உல்லாசப் படகுகளின் வெள்ளை வினைல் மெத்தைகளில் இரண்டு வகைச் சேதத்தைப் பார்க்கலாம். வெயிலில் காய்ந்து விறைத்து, தையல் ஓரமாக வெடிப்பது ஒன்று. தொடையும் முழங்கையும் படும் இடங்கள் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ கறைபட்டுப் பிசுபிசுப்பது இன்னொன்று. முதல் சேதத்துக்குக் காரணம் வெயில். இரண்டாவதற்குக் காரணம், அந்த வெயிலுக்கு அஞ்சி மனிதர்கள் உடம்பில் தடவிக்கொள்ளும் சன்ஸ்கிரீன். படகு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதைச் சுத்தம் செய்யும் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். எந்தத் திரவத்தால் துடைத்தால் போகும் என்பதோடு அவர்கள் கேள்வி நின்றுவிடுகிறது. வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. நீர்மேல் இருக்கும் துணியைக் காப்பது பல நூற்றாண்டுகளாக ஓயாத ஒரு வேலையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தக் காப்பு, பொருளுக்குள்ளேயே அடங்கியிருக்கும் குணமாக விற்கப்பட்டது. வேலை கைவிடப்பட்டது, குணம் மட்டும் போதும் என்று நம்பப்பட்டது. மெத்தையில் படியும் கறை அந்த நம்பிக்கையின் விலை.

பாய்மரக் காலத்தில் படகில் இருந்த துணிகளில் முக்கியமானது பாய். ஆளி நாரிலோ பருத்தியிலோ நெய்த அந்தத் துணிக்கு ஈரத்தில் வளரும் பூஞ்சை ஒரு எதிரி, வெயில் இன்னொரு எதிரி. பிரிட்டன் மீனவர்கள் ஓக் மரப்பட்டையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் பாயையும் வலையையும் முக்கி எடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டையின் இடத்தைக் காசுக்கட்டி பிடித்தது. வெற்றிலையோடு நாம் மெல்லும் அதே சரக்குதான், இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறிப் போய் அங்குள்ள மீன்பிடித் துறைகளின் கொப்பரைகளில் கொதித்தது. தேம்ஸ் நதியின் சரக்குப் பாய்ப்படகுகளில் காவி மண், மீன் எண்ணெய், கடல்நீர் மூன்றையும் குழைத்துப் பாயில் தேய்த்தார்கள். அந்தப் பாய்களின் செந்நிறம் அழகுக்காக வந்ததல்ல. காவியில் இருக்கும் இரும்பு ஆக்சைடு புற ஊதாக் கதிரை விழுங்கக்கூடியது. இன்றைய நிறமேற்றிய சன்ஸ்கிரீன்களிலும் அது சேர்கிறது. வங்காளத்திலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இதே வேலையைப் பனிச்சங்காயின் துவர்ப்புச் சாறு செய்தது. வலைக்கும் ஏறியது, படகின் அடிப்புறத்துக்கும் பூசப்பட்டது. இவற்றில் எதுவும் ஒரு தடவையோடு முடிகிற காரியம் இல்லை. கடல்நீர் சாயத்தைக் கரைக்கும். திரும்பவும் முக்க வேண்டும். நனைந்த பாயைச் சுருட்டி வைத்தால் மக்கும். விரித்து உலர்த்த வேண்டும். காப்பு என்பது பருவந்தோறும் திரும்பி வரும் உழைப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

மெத்தை வைத்த இருக்கை இந்த உழைப்பாளிப் படகுகளில் கிடையாது. அது ஓய்வுக்கான படகோடு வந்தது. 1920களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிறிஸ்-கிராஃப்ட் போன்ற நிறுவனங்கள் விசைப்படகுகளைத் தொகுதியாகக் கட்டி விற்கத் தொடங்கியபோது, அவற்றில் மோட்டார் கார்களில் இருந்ததைப் போலத் தோலுறை போட்ட இருக்கைகள் இருந்தன. அதே பத்தாண்டில்தான் மேற்குலகில் வெயிலில் கறுத்த உடம்பு நாகரிகத்தின் அடையாளமானது. அதற்கு முந்தைய தலைமுறைச் சீமாட்டிகள் குடையும் கையுறையுமாகப் படகில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் மேனியிலிருந்து மெத்தைக்கு ஒட்ட எதுவும் இல்லை. 1930களில் பிரான்சில் அம்ப்ர் சோலேர் என்ற வெயில் எண்ணெய் விற்பனைக்கு வந்தது. 1962-இல் இத்தாலியின் ரீவா நிறுவனம் வெளியிட்ட அக்வாராமா படகில், பின்புற எஞ்சின் அறைக்கு மேலே படுத்து வெயில் காய்வதற்கென்றே மெத்தை விரித்திருந்தார்கள். எண்ணெய் தடவிய உடம்பு மணிக்கணக்கில் வெயிலில் படுத்துக் கிடப்பதற்கான இடம் படகின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. சன்ஸ்கிரீன் கறையை ஏதோ எதிர்பாராத விபத்தாகக் கருதுகிறவர்கள் இந்த வடிவமைப்பைக் கவனிக்க வேண்டும். எண்ணெயையும் மெத்தையையும் சேர்த்துவைத்தது படகின் புதிய பயன்பாடுதான்.

அந்த மெத்தையை மூடிய பொருளின் கதை 1926-இல் தொடங்குகிறது. குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில், அதுவரை பயனற்ற விறைப்பான பொருளாகக் கிடந்த பிவிசியை அதிகக் கொதிநிலை கொண்ட திரவத்தில் சூடாக்கியபோது, வளையும் தன்மையுள்ள ஒரு பொருள் கிடைத்தது. மென்மையான வினைல் என்பது இன்றும் அதுவே. விறைத்த பிளாஸ்டிக்குக்குள் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்த் திரவம் தங்கியிருக்கிறது. அது வேதிப் பிணைப்பால் கட்டுண்டு இருப்பதில்லை. அதனால் சூட்டில் மெல்ல வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்கு மெத்தை விறைக்கிறது. வெயில் பிவிசியின் மூலக்கூறுச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடைப் பிரித்தெடுக்க, நிறம் மஞ்சளாகிறது. இதைத் தடுக்கப் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்களை உற்பத்தியின்போதே கலந்தார்கள். மேலே பாதுகாப்புப் பூச்சும் ஏற்றினார்கள். ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்பது விற்பனைப் பேச்சு ஆயிற்று. சாயக் கொப்பரையில் நடந்த வேலை ஆலைக்குள் போய் ஒரே தடவையில் முடிந்துவிட்டதாகத் தோன்றியது.

இந்தத் தோற்றத்தைச் சன்ஸ்கிரீன் உடைக்கிறது. உடைப்பது அதன் அந்நியத்தன்மையால் அல்ல, உறவினால். சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்டிசலேட், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரைலீன் ஆகியவை எண்ணெய்த் தன்மை கொண்ட எஸ்டர்கள். நெடுங்காலம் வினைலில் பிளாஸ்டிசைசராகப் பயன்பட்ட டிஇஹெச்பியும் அப்படித்தான். இவை எல்லாவற்றிலும் 2-எத்தில்ஹெக்சைல் என்ற ஒரே பகுதி இருக்கிறது. ஒத்தது ஒத்ததில் கரையும். அதனால் வெயிலில் சூடேறிய வினைல், சன்ஸ்கிரீனை மேலே நிறுத்திவைக்காமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஊறிய இடம் இளகிப் பிசுபிசுக்கிறது. கூடவே நிறமும் இறங்குகிறது. அவோபென்சோன் என்ற இன்னொரு சேர்மம் இரும்பு கலந்த தண்ணீரோடு சேர்ந்தால் துரு நிறக் கறை உண்டாக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆக்சிபென்சோன். தோலைக் காக்கச் சன்ஸ்கிரீனில் சேர்க்கப்படும் அது, பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்து காக்கவும் ஆலைகளில் கலக்கப்படுகிறது. அளவோடு உள்ளே கலந்தால் காப்பு. அளவில்லாமல் வெளியிலிருந்து ஏறினால் கறை. ஆகவே எந்தப் பொருளும் தன்னளவில் காவலனோ பகைவனோ அல்ல. எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வதற்குத்தான் மனிதக் கை வேண்டியிருக்கிறது.

இதை மறுத்து இரண்டு வாதங்கள் வரலாம். ஒன்று, நவீனப் பொருட்கள் பழையவற்றைவிட எவ்வளவோ மேலானவை, பழைய உழைப்பைப் புகழ்வது வெறும் ஏக்கம் என்பது. முதல் பாதியை மறுக்க முடியாது. 1961-இல் அமெரிக்காவின் கிளென் ரேவன் நிறுவனம் கொண்டுவந்த சன்பிரெல்லா அக்ரிலிக் துணியில், நூலாக இழுப்பதற்கு முன்பே நிறமி கலக்கப்படுகிறது. சாயம் நாரின் மேலே இல்லாமல் நார் முழுக்க இருப்பதால், பருத்தியால் நினைத்துப் பார்க்க முடியாத காலம் வரை வெயிலைத் தாங்குகிறது. ஆனால் அதே துணியில் தண்ணீரை வழியவிடும் பூச்சு நாளடைவில் தேய்கிறது. கழுவி மறுபடி பூச வேண்டியிருக்கிறது. தமிழகக் கடற்கரையிலும் பருத்தி வலை போய் நைலான் வலை வந்தபோது, சாயமேற்றும் வேலை இல்லாமல் போனது. மக்காத நைலானும் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும் என்பதால், நிழலில் வைக்கும் பழக்கம் மட்டும் தேவையாகவே இருந்தது. புதிய பொருள் வேலையின் அளவைக் குறைத்தது. வேலையே இல்லாமல் ஆக்கவில்லை.

இரண்டாவது வாதம், குற்றம் முழுவதும் சன்ஸ்கிரீனுடையது, அதை மாற்றினால் போதும் என்பது. வேதிச் சேர்மங்களுக்குப் பதில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற கனிமங்கள் உள்ளதைத் தடவிக்கொண்டால் மெத்தை தப்பும் என்கிறார்கள். இவற்றில் அவோபென்சோன் கறை இருக்காது என்பது சரி. ஆனால் கனிமத்தைக் குழைத்திருக்கும் எண்ணெய் அப்படியேதான் இருக்கிறது. அதோடு, 2008-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, கூரை வேலை செய்தவர்களின் கையிலிருந்து வண்ணம் பூசிய இரும்புத் தகட்டில் ஒட்டிய சன்ஸ்கிரீனைப் பற்றியது. அந்த இடங்களில் வண்ணம் மற்ற இடங்களைவிட மிக வேகமாகச் சிதைந்ததற்குக் காரணம், சில சன்ஸ்கிரீன்களில் இருந்த நுண் கனிமத் துகள்கள் வெயில் பட்டதும் வேதிவினையைத் தூண்டியதுதான் என்று அது காட்டியது. பொருளை மாற்றினால் ஆபத்தின் வடிவம் மாறுகிறது, அவ்வளவே. சன்ஸ்கிரீனையே விட்டுவிடலாம் என்பதோ வாதத்துக்கே உரியதல்ல. தோல் புற்றுநோயோடு ஒப்பிட்டால் மெத்தைக் கறை ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே இன்று நல்ல படகுக்காரர்கள் கடைப்பிடிக்கும் வழக்கங்கள் பழைய துறைமுக வழக்கங்களின் தொடர்ச்சிதான். மடக்குப் பந்தலை விரித்து நிழல் தருவது; உட்காரும் இடத்தில் பருத்தித் துண்டு போடுவது; சன்ஸ்கிரீன் தோலில் ஊறிய பிறகு உட்காரச் சொல்வது; அன்றன்றைக்கே மென்மையான சோப்பு நீரால் கழுவித் துடைப்பது; கரை சேர்ந்ததும், காய்ந்த பிறகு உறையால் மூடுவது. கறை ஊறிய பிறகு கடும் கரைப்பான்களையும் பிளீச்சையும் தேடி ஓடுபவர்கள், மெத்தையின் மேற்பூச்சையும் சேர்த்து உரித்துவிடுகிறார்கள். அடுத்த கறை இன்னும் எளிதாக இறங்குகிறது. பெட்ரோலிய எண்ணெய் கலந்த மெருகுகளைப் பூசுவதும் அதே தவறுதான், வினைலுக்குள் இன்னொரு எண்ணெயை அனுப்புவதாகவே அது முடியும். வாங்கும்போதே வந்துவிட்டதாக எண்ணும் காப்பு, உண்மையில் கால அவகாசம் மட்டுமே. காசுக்கட்டிச் சாயம் ஒரு பருவத்தைக் கொடுத்தது. நல்ல வினைல் சில ஆண்டுகளைக் கொடுக்கிறது. அந்த அவகாசத்துக்குள் செய்ய வேண்டிய வேலையை எந்த ஆலையும் முன்கூட்டியே செய்து அனுப்பிவிட முடியாது.