தூரிகையும் தன்மானமும்

ஓவியம் அரண்மனைச் சுவருக்கும் ஆலயக் கூரைக்கும் உரியது; அதைத் தீட்டுவோன் தெய்வ அருள் பெற்றுப் பிறந்தவன்; மற்றவர் எவ்வளவு முயன்றாலும் அது கைகூடாது! இப்படி ஒரு நம்பிக்கை நம் நாட்டில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. இன்றும் அது முற்றாக மடிந்துவிடவில்லை. கோம்பையிலே ஒரு சிறுவன், மேற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரையும் அடிவாரத்துத் தென்னைகளையும் கரித்துண்டால் சுவரில் தீட்டட்டும். "இது சோறு போடுமா?" என்பார்கள். அதையே அழகுறத் தீட்டிவிட்டாலோ, "பிறவி வரம்" என்று கூறிக் கைகூப்புவார்கள். முதலாவது கேள்வி அவன் கையைக் கட்டுகிறது. இரண்டாவது புகழ்ச்சி அவன் உழைப்பை மறைக்கிறது.

இவ்விரண்டுக்கும் ஏட்டிலே விடை தேட வேண்டியதில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையே விடை கூறுகிறது. அவர்தான் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்.

1911இல் கோயமுத்தூரில் பிறந்தவர் அவர். இளமையின் ஒரு பகுதி மலபாரில், பொன்னானியை அடுத்த வெளியங்கோட்டில் கழிந்தது. வாய்க்காலும் வயலும், நீரில் நிழல் சாய்க்கும் தென்னையுமே அவருடைய முதல் ஆசிரியர்கள். பன்னிரண்டாம் வயதில் நிலக்காட்சி தீட்டத் தொடங்கியவர், பதினேழாம் வயதில் சென்னை ஓவியக் கண்காட்சியில் இடம் பெற்றார்.

உடனே வாழ்வு மலர்ந்ததா? இல்லை. தந்தை மறைந்தார், கல்லூரிப் படிப்பு நின்றது, குடும்பச் சுமை தோளில் ஏறியது. தந்தித் துறையில் பணியாற்றினார். காப்பீட்டு முகவராக அலைந்தார். எனினும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1936இல், தம் இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசினர் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். வரம் வானத்திலிருந்து இறங்கியிருந்தால், வருவாயை விட்டு வகுப்பறைக்கு ஏன் செல்ல வேண்டும்? கலை கற்று வருவது என்பதை அறிந்தவர் ஆதலால் சென்றார்!

அப்பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்றார். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவரும் அவர்தான். அவரிடம் பயின்று 1940இல் பட்டயம் பெற்ற பணிக்கர், மறு ஆண்டே அங்கு ஆசிரியரானார்.

அந்நாளில் பணிக்கருக்குப் புகழ் தந்தவை நீர்வண்ண நிலக்காட்சிகளே. நீர்வண்ணத்தை எளிய பிள்ளை விளையாட்டு என எண்ணுவோர் உண்டு. எண்ணெய் வண்ணத்தில் பிழை நேர்ந்தால் அதன்மேல் மற்றொரு பூச்சுப் பூசி மறைக்கலாம். நீர்வண்ணமோ ஒளி ஊடுருவுவது. அடியில் உள்ளதை அது மறைக்காது. அங்கே வெள்ளை நிறம் என்பது பூசுவதன்று, விட்டுவைப்பது. நீரில் மின்னும் ஒளி எங்கே, மேகத்தின் விளிம்பு எங்கே என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அந்தத் தாளை அப்படியே காக்க வேண்டும். மெல்லிய நிறத்தில் தொடங்கி, கருமை நோக்கிப் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஈரம் உலருமுன் கை முடிவெடுக்க வேண்டும். சிந்தனை முந்த, கை பிந்த வேண்டிய கலை இது! பணிக்கர் இதில் தேர்ந்தார். மலபாரின் பசுமையையும் கால்வாய் நீரின் ஒளியையும் தெளிந்த, துணிந்த வண்ணங்களில் தீட்டினார்.

புகழ் தந்த பாதையிலேயே அவர் காலமெல்லாம் நடந்திருக்கலாம். கைதட்டலுக்காக ஒன்றையே திரும்பச் செய்வது கலையாகாது எனத் துணிந்தார். நிலக்காட்சியில் மனிதர் புகுந்தனர். உழவரும் தாயும் சேயும் வந்தனர். 1954இல் இலண்டனிலும் பாரிசிலும் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மேலை நாட்டுப் புதுமையை நேரில் கண்டு திரும்பியவர், அதன் நகலாக வாழ மறுத்தார். ஒரு மாணவனின் கணக்கு ஏட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்களும் கோடுகளும் எழுத்துகளும் நிறைந்த அத்தாளே புது வழி திறந்தது. 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தீட்டினார். சாதகக் கட்டம் போன்ற உருவங்களும் அவற்றிலே உண்டு. பலன் சொல்ல அல்ல, வடிவத்தின் அழகுக்காக! சோதிடனின் கட்டம் ஓவியனின் கையில் வெறும் கோடாகிவிட்டது.

ஆசிரியர் பணிக்கரோ ஓவியர் பணிக்கரினும் பெரியவர் என்போம். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957இல் கலைப் பள்ளியின் முதல்வரானார். தம்மைப்போலத் தீட்டுமாறு அவர் மாணவரை வற்புறுத்தவில்லை. அவரவர் கோட்டை அவரவரே கண்டறியச் செய்தார். பெரியாரின் உருவச் சிலையை வடித்த தனபால் அங்கே உடன் ஆசிரியர். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரிலிருந்து வந்து அங்கே பயின்ற ஆதிமூலம், பின்னாளில் கோட்டோவியத்தில் தனி முத்திரை பதித்தார். தமிழ் எழுத்தின் வடிவையே இதழ்த் தலைப்புகளில் புதுக்கினார்.

ஆனால் பயின்றவன் பட்டயத்தோடு வெளியேறிய பின் என்ன செய்வான்? "சோறு போடுமா?" என்ற பழைய கேள்வி வாயிலில் காத்திருக்கிறதே! செல்வர் வீட்டு வாயிலில் நிற்பதா? எழுத்தராகிக் கலையை மறப்பதா? பணிக்கர் மூன்றாவது வழி காட்டினார். கலைஞர்கள் ஒன்றுகூடித் துணியில் பாத்திக் வண்ணம் இட்டனர்; கைவினைப் பொருள்கள் செய்து விற்றனர். அந்தப் பணத்தைக் கொண்டு 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கினர். சோழமண்டலக் கலைஞர் கிராமம் எழுந்தது. கைத்தொழில் வயிற்றைக் காத்தது. ஓவியம் எவருக்கும் வளையாமல் நின்றது. இதுவன்றோ தன்மானம்! 1977இல் பணிக்கர் மறைந்தார். அவர் நட்ட கிராமம் மறையவில்லை.

எனவே இளைஞர்களே, கலை இரந்து பெறும் வரமன்று. பயின்று பெறும் ஆற்றல். அது பிழைப்புக்குப் பகையுமன்று. தனித்து நின்றால் தளரும், கூடி உழைத்தால் நிமிரும். கோம்பைச் சிறுவன் மலையைத் தீட்ட விரும்பினால், அவனுக்கு ஆசிகூற வேண்டாம், அச்சுறுத்தவும் வேண்டாம். ஒரு தாளும் ஒரு தூரிகையும், கற்பிக்க ஓர் ஆசிரியரும் கொடுப்போம். எஞ்சியதை அவன் உழைப்பு பார்த்துக்கொள்ளும்.