ஒற்றைச் சிறகுச் சின்னம்

ஒற்றைச் சிறகுச் சின்னம் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படையிலும் இந்திய வான்படையிலும் விமானியல்லாத வானூர்திக் குழுவினர் அணிந்த துணிச் சின்னம் ஆகும். விமானிகளின் சின்னம் இரு சிறகுகளைக் கொண்டது. வழிகாட்டுநர், வான் சுடுநர், குண்டு வீசுநர் போன்றோரின் சின்னத்தில் ஒரு சிறகு மட்டுமே இருந்தது. பிரெவெட் என்றும் இது அழைக்கப்படுகிறது.

வரலாறு

முதலாம் உலகப் போரின்போது, 1915 ஆம் ஆண்டில், வானூர்திகளில் பறந்த நோக்கர்களுக்காக 'ஓ' என்ற ஆங்கில எழுத்துடன் கூடிய ஒற்றைச் சிறகு அறிமுகப்படுத்தப்பட்டது. வான் சுடுநர்களுக்கு அப்போது இத்தகைய மார்புச் சின்னம் இருக்கவில்லை. போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அவர்கள் பெரும்பாலும் தரைப்பணியாளர்களிலிருந்தே தெரிவு செய்யப்பட்டனர். சிறகுள்ள துப்பாக்கிக் குண்டு வடிவப் பித்தளைச் சின்னத்தைச் சட்டைக் கையில் அணிந்தனர். 1939 டிசம்பரில் அதற்குப் பதிலாக 'ஏ ஜி' என்ற எழுத்துகளைக் கொண்ட ஒற்றைச் சிறகு வழங்கப்பட்டது.

பெரிய குண்டுவீச்சு வானூர்திகள் வந்தபோது, வழி காண்பது, குண்டு வீசுவது, சுடுவது ஆகிய அனைத்தையும் நோக்கர் ஒருவரே செய்வது இயலாததாயிற்று. எனவே 1942 இல் நோக்கர் பணி பிரிக்கப்பட்டு, வழிகாட்டுநருக்கு 'என்', குண்டு வீசுநருக்கு 'பி', வானூர்திப் பொறியாளருக்கு 'ஈ' எனத் தனிச் சின்னங்கள் ஏற்பட்டன. முன்னர் 'ஓ' சின்னம் பெற்றவர்களில் பலர் அதையே தொடர்ந்து அணிந்தனர். ஆகவே 'ஓ' சின்னத்துடன் எடுக்கப்பட்ட ஒளிப்படம் 1942 க்கு முற்பட்டது என்று உறுதியாகக் கூற முடியாது.

திருச்சிராப்பள்ளியில்

1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளி வான்தளத்தில் இந்திய வான்படையின் இரு ஸ்குவாட்ரன்கள் உருவாக்கப்பட்டன. மெகர் சிங் தலைமையிலான 6 ஆம் ஸ்குவாட்ரன் அரிக்கேன் வானூர்திகளைப் பெற்றது. நிரஞ்சன் பிரசாத் தலைமையிலான 8 ஆம் ஸ்குவாட்ரனுக்கு அமெரிக்கத் தயாரிப்பான வெஞ்சன்ஸ் பாய்ச்சல் குண்டுவீச்சு வானூர்திகள் வழங்கப்பட்டன. 1943 இறுதியில் இவ்விரண்டும் பர்மாவின் அரக்கான் போர்முனையில் ஈடுபட்டன.

அரிக்கேன் ஓர் இருக்கை கொண்டது. அதில் விமானி மட்டுமே பறந்தார். வெஞ்சன்ஸ் இரு இருக்கைகள் கொண்டது. பின்னிருக்கையில் இருந்தவர் பின்புறத் துப்பாக்கிகளை இயக்கியதுடன், வழி காணல் முதலிய பணிகளையும் செய்தார். வானூர்தி ஏறத்தாழச் செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பாய்ந்தபோது விமானிக்கு நேர்ந்த அதே இடர் இவருக்கும் நேர்ந்தது. ஆனால் வானூர்தியின் கட்டுப்பாடு இவரிடம் இல்லை. 1944 இல் 8 ஆம் ஸ்குவாட்ரன் ஓர் இருக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் வானூர்திகளுக்கு மாறியது. அதன்பின் ஒற்றைச் சிறகு அணிந்தவருக்கு அந்த ஸ்குவாட்ரனின் போர் வானூர்திகளில் இடமில்லாமல் போனது. 6 ஆம் ஸ்குவாட்ரனின் மெகர் சிங் 1944 இல் டி.எஸ்.ஓ. விருது பெற்றார். பின்னிருக்கையினரைப் பற்றிப் பரவலாக எழுதப்படவில்லை.

அடையாளம் காணல்

பழைய சின்னம் ஒன்றை அடையாளம் காணப் பின்வரும் கூறுகள் உதவும்.

எழுத்து: 'ஓ' சின்னத்தில் எழுத்தே வளையமாக அமைந்து, அதிலிருந்து சிறகு நீள்கிறது. 'என்', 'ஏ ஜி' முதலியவற்றில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிற இலை வளையம் காணப்படும்.

முடி: விமானியின் இரட்டைச் சிறகில் அரச முடி உண்டு. ஒற்றைச் சிறகில் முடி இல்லை. ஆகவே முடியின் வடிவத்தைக் கொண்டு இதன் காலத்தைக் கணிக்க இயலாது.

அணியும் இடம்: இது இடது மார்பில், பதக்க நாடாக்களுக்கு மேலே தைக்கப்பட்டது. சிறகு அணிபவரின் இடப்புறமாக நீளும். ஒளிப்படத்தில் சிறகு எதிர்ப்புறம் நீண்டிருந்தால் அப்படம் இடவலம் மாறி அச்சிடப்பட்டிருக்கலாம்.

துணைச் சின்னம்: 'ஏ ஜி' சிறகுடன், சட்டைக் கையில் மின்னலைப் பற்றிய கை வடிவச் சின்னமும் இருப்பின், அவர் வானொலி இயக்குநராகவும் சுடுநராகவும் பணியாற்றியவர் ஆவார்.

பிற சின்னங்களுடன் குழப்பம்

பித்தளை நிறக் கழுகு வடிவச் சின்னம் பிரித்தானியாவின் வழிகாட்டிப் படையினருக்கு உரியது. அது நாடாக்களுக்குக் கீழே, சட்டைப்பையின் மூடியில் அணியப்பட்டது. சிறகுள்ள பொன்மீன் சின்னம், கடலில் விழுந்து மிதவைப் படகு முதலியவற்றால் உயிர் தப்பியோருக்கு 1942 இல் தொடங்கப்பட்ட கழகம் ஒன்று வழங்கியது. கம்பளிப்புழு வடிவ ஊசி, வான்குடையால் உயிர் தப்பியோருக்கு உரியது. பின்னிரண்டும் அரசு வழங்கியவை அல்ல.

ஒற்றைச் சிறகில் உரியவரின் பெயரோ எண்ணோ பொறிக்கப்படுவதில்லை. எனவே சின்னத்தைக் கொண்டு ஒருவரின் பணியை மட்டுமே அறியலாம். அவர் யார், எங்கே பறந்தார் என்பதை அறிய அவரது பறப்புப் பதிவேடு தேவை. அதில் பறந்த நாள், வானூர்தி வகை, ஆற்றிய பணி ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டும் ஒன்றாகப் பாதுகாக்கப்படும்போதே சின்னம் முழுமையான வரலாற்றுச் சான்றாகிறது.