உத்திரத்தின் நீளமும் உறையுளின் அகலமும்

மனிதர் உறையும் அறையை ஒரே அளவில் வகுத்து, ஒன்றோடொன்று இணைத்து ஊராக்கும் முறை புதியதன்று. அண்டவெளி நிலையத்துக்கு உறையுட்கூறு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறியியலார் எதிர்கொள்ளும் வினாக்களுள் தலையாய இரண்டைச் சிங்கப்பூர் முன்னரே எதிர்கொண்டது. கூற்றின் அகலத்தை வரையறுப்பது எது என்பது ஒன்று. உள்ளே வாழ்வோருக்குக் காற்றும் இடமும் எவ்வளவு வேண்டும் என்பது மற்றொன்று.

தேக்காவை அடுத்த டன்லப் தெருவில் கடைவீடுகளைக் காண்போர், அவற்றின் முகப்பு பெரும்பாலும் 16 முதல் 20 அடிக்குள் அடங்குதலை உணர்வர். அழகு கருதி ஏற்பட்ட அளவன்று அது. இரு பக்கச் சுவர்களுக்கிடையே நடுத்தூண் இன்றிக் கிடத்தக்கூடிய மர உத்திரத்தின் நீளமே வீட்டின் அகலத்தை முடிவு செய்தது. தெருவோரம் இடையறாது செல்லும் மூடுபாதையை ஒவ்வொரு வீடும் விடவேண்டுமென 1822இல் ராபிள்ஸ் நகரக் குழுவுக்குப் பணித்தார். அதுவே தமிழர் நாவில் 'அஞ்சடி' ஆயிற்று.

அண்டவெளியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப், சாட்டர்ன் ராக்கெட்டின் ஓரடுக்கையே உடலாகக் கொண்டமையால் ஏறத்தாழ 22 அடி அகலம் பெற்றது. பின்வந்த அனைத்துலக நிலையத்தின் கூறுகள் பல, விண்ணோடத்தின் 15 அடிச் சரக்கறைக்குள் அடங்க வேண்டியிருந்தன. இங்கே உத்திரம் செய்ததை அங்கே ஊர்தி செய்தது. இவ்வெல்லையைக் கடக்கவே, மடித்து அனுப்பி மேலே ஊதி விரிக்கும் டிரான்ஸ்ஹாப் என்னும் கூறு 1990களில் வரையப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. அவ்வகைச் சிறிய அறை ஒன்று 2016இல் நிலையத்தோடு இணைக்கப்பட்டது.

கிடைத்த அளவுக்குள் மனிதரை அடுக்கினால் விளைவது யாது? அதற்கும் கடைவீடே சான்று. மாடிகள் பலகைத் தடுப்புகளால் சன்னலற்ற சிற்றறைகளாகக் கூறுபோடப்பட்டன, காசநோய் பரவியது. 1907இல் வெளியான டாக்டர் சிம்சனின் அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில் ஒளியும் காற்றும் புகாமையைச் சுட்டி, பின்சந்துகளைத் திறக்குமாறு வற்புறுத்தியது. பல்லாண்டுக்கு முன் ஒரு முற்றத்தின் அளவில் செய்த சிக்கனத்துக்கு நகரம் பின்னர் விலை கொடுத்தது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவசரம் கருதிச் சிறிய ஓரறை வீடுகள் பல எழுந்தன. அன்றைய நிலையில் அத்தேர்வைக் குறைகூறல் பொருந்தாது. கூரையற்றோருக்குக் கூரையே முதல் தேவை. எனினும் வாழ்வு உயர்ந்தபின் அவ்வகை வீடுகள் சிலவற்றை இடைச்சுவர் நீக்கி இணைத்துப் பெரிதாக்க நேர்ந்தது.

இந்தியா தன் அண்டவெளி நிலையத்தின் முதற்கூறை 2028இல் ஏவத் திட்டமிட்டுள்ளது. மண்ணில் பிழைபட்ட அளவைப் பின்சந்து திறந்தும் சுவரை நீக்கியும் திருத்தலாம். விண்ணில் அது எளிதன்று. ஆதலின், ஊர்தி தரும் அகலத்தை அளக்குமுன் உள்ளே உறைவோரின் தேவையை அளத்தல் வேண்டும் என்பதே கடைவீடு கற்பிக்கும் பாடம்.