அடைக்கலமும் புவனமும்

தநு கரண புவன போகங்களை இறைவன் மாயையினின்றும் உயிர்களின் பொருட்டே தோற்றுவித்தருளினான் என்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின், புவனத்தின் ஒரு கூற்றில் வாழ்வார், அதனைத் தமக்கே முற்றுரிமையெனக் கொண்டு, உயிர்க்கு அஞ்சி வந்தாரை விலக்குதல் அவன் திருவருளுக்கு மாறாம்.

இவ்வறம் பிழைத்ததன் விளைவை அண்மை வரலாறு காட்டும். 1939 மே 13-இல் செயிண்ட் லூயிஸ் என்னும் கப்பல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறையினின்று 937 பேருடன் புறப்பட்டது. ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சிய யூதரே அவருட் பெரும்பாலார். மகவுடன் சென்றாரும் பலர். கியூபா அரசு 28 பேரையே கரையேற விட்டது. அமெரிக்க ஐக்கிய நாடும் கனடாவும் இடந்தரவில்லை. ஆண்டொன்றிற்கு இத்துணையர் என்னும் வரையறையே அமெரிக்கா காட்டிய தடை. ஐரோப்பாவுக்கு மீண்டோரை நான்கு நாடுகள் ஏற்றன. அவற்றுள் மூன்று பின்னர் ஜெர்மானியர் கைப்பட்டமையால், 254 பேர் மாண்டனர். 2018-இல் கனடா மன்னிப்பு வேண்டிற்று, மாண்டார் மீண்டிலர்.

அடைக்கலம் வேண்டுவார் போலப் பகைவரும் வருவரே எனின், வருதலுங் கூடும். மெய்ப்பொருள் நாயனாரிடம் முத்தநாதன் அவ்வாறே வேடம் பூண்டு வந்தான். குத்துண்டு வீழ்ந்தும் நாயனார், அவனை ஊறின்றி எல்லை கடத்துமாறு தத்தனைப் பணித்தார். அவர் போற்றியது திருவேடத்தையே; ஆயினும், ஒருவன் வஞ்சத்தால் அவ்வேடத்தார் அனைவரையும் அவர் ஐயுற்றிலர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆராய்ந்து ஏற்றல் அரசின் கடன். ஆராயாது விலக்கல் அறமன்று. தாயும் மகவுமாய்த் துறையில் நிற்பாரை எண்ணால் மட்டும் அளந்து திருப்புதல் சிவநெறியார்க்கு ஒவ்வாதென்க.