லேவியின் வீட்டு விருந்து

வெனிஸ் நகரத்துத் தொமினிக்கன் துறவிகளின் சாந்தி ஜொவான்னி எ பாவ்லோ மடத்துப் போஜனசாலையை அலங்கரித்திருந்த திஷியனின், கிறிஸ்துவின் கடைசி இராப்போஜனச் சித்திரம் 1571-இல் தீக்கு இரையாகிவிடவே, அதன் ஸ்தானத்தில் அதே விஷயத்தை மீண்டும் தீட்டித் தரும் பொறுப்பு பாவ்லோ வெரோனீஸ் என்னும் ஓவியரிடம் வந்து சேர்ந்தது. 1573-இல் அவர் பூர்த்தி செய்து அளித்தது, ஐந்தரை மீட்டர் உயரமும் ஏறக்குறைய 13 மீட்டர் அகலமும் கொண்ட மகா சித்திரம்.

மூன்று பெரிய வளைவுகளில் நடுவளைவின் கீழ் கிறிஸ்து வீற்றிருக்கிறார். அருகே பேதுரு ஆட்டிறைச்சியைப் பகுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர்களைச் சூழ்ந்திருப்பதோ, பட்டாடைப் பிரபுக்களும், கையில் கிளியேந்திய விதூஷகனும், மூக்கில் இரத்தம் வடியும் ஊழியனும், ஈட்டிக்கோடரியோடு படிக்கட்டில் மது அருந்தும் ஜெர்மானியச் சிப்பாய்களும், போதாததற்கு முன்னிலையில் ஒரு நாயும்! எருசலேமின் மேல்வீட்டறையை வெனிஸ் செல்வர் ஒருவரின் மாளிகையாக்கி, அந்நகரத்தார் தம் கண்முன் தினமும் காணும் ஜனங்களையே அங்கே கூட்டிவைத்துவிட்டார் ஓவியர்.

ஆலயச் சித்திரங்களில் தகாதது எதுவும் இடம்பெறலாகாது என்று திரெந்து சங்கம் 1563-இல் விதித்திருந்த காலம் அது. ஆகவே 1573 ஜூலை 18 அன்று சமய விசாரணை மன்றம் வெரோனீஸை வரவழைத்து, இராப்போஜனத்தில் விதூஷகனுக்கும் ஜெர்மானியருக்கும் என்ன வேலை என்று ஒவ்வோர் உருவமாகச் சுட்டிக் கேட்டது. கவிகளுக்கும் பித்தர்களுக்கும் உள்ள சுதந்திரம் ஓவியர்க்கும் உண்டென்றும், வீட்டுக்காரர் செல்வரானபடியால் அத்தகைய ஊழியர்கள் இருந்திருப்பார்கள் என்றும் அவர் விடையளித்தார்; மைக்கேலாஞ்சலோ கடைசித் தீர்ப்புச் சித்திரத்தில் தீட்டிய நிர்வாண உருவங்களையும் துணைக்கு அழைத்தார். அந்தத் தீர்ப்பு நாளில் ஆடைகளுக்கு இடமில்லை, ஆனால் அச்சித்திரத்தில் விதூஷகர்களோ நாய்களோ உண்டா என்று கேட்டு மன்றம் அவரை மடக்கியது. விசாரணையாளரைப் பிற்காலத்தார் மூடர் என இகழ்ந்ததுண்டு. வெரோனீஸின் சித்திரத்தை அவர்களைப் போல் அங்குலம் அங்குலமாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே என்பது என் துணிபு.

மூன்று மாதத்திற்குள் சொந்தச் செலவில் திருத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஓவியரோ நாயையும் அகற்றவில்லை, சிப்பாய்களையும் அகற்றவில்லை. ஆயக்காரனாகிய லேவி கர்த்தருக்குப் பெரிய விருந்து செய்தான் என்பதைக் குறித்து, லூக்கா 5-ஆம் அதிகாரத்தைச் சுட்டும் லத்தீன் வாசகத்தைச் சித்திரத்திலேயே பொறித்துவிட்டார். ஆயக்காரரோடும் பாவிகளோடும் போஜனபானம் பண்ணுவதென்ன என்று பரிசேயர் முறுமுறுத்த விருந்து அதுவாதலால், நேற்றுவரை அபசாரமாயிருந்த கூட்டம் இன்று வேதவசனத்திற்கே இசைந்ததாகிவிட்டது.

சித்திரம் இப்பொழுது வெனிஸ் அக்காதெமியா கலைக்கூடத்தில் லேவியின் பேராலேயே விளங்குகிறது. ஆயினும், நடுவளைவின் கீழே பேதுரு பகுக்கும் அந்த ஆட்டிறைச்சியைக் காணும்போது, இராப்போஜனத்துக்குரிய பஸ்கா பண்டிகையின் ஆட்டுக்குட்டியை நினையாதிருக்க இயலவில்லை. என் மதிப்பில் அது இன்றும் இராப்போஜனச் சித்திரமே.