புழுவுக்கென்று ஒரு குண்டு

அமெரிக்க ஆங்கிலத்தில் 'வார்மிண்ட்' என்றொரு சொல் உண்டு. 'வெர்மின்' என்னும் சொல்லின் நாட்டுப்புறத் திரிபு அது. வெர்மின் பழைய பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் இலத்தீனில் புழுவைக் குறிக்கும் 'வெர்மிஸ்'. நாம் 'புழுபூச்சி' என்று சேர்த்துச் சொல்வதைப் போல, தொல்லை தரும் உயிர்கள் அனைத்தையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள். பயிரைத் தின்றாலும், வளை தோண்டினாலும், கோழியைப் பிடித்தாலும் அது வார்மிண்ட்தான். மானுக்கும் வாத்துக்கும் வேட்டைப் பருவமும் எண்ணிக்கை வரம்பும் வகுக்கப்பட்டபோது, இப்பெயருக்குள் அடங்கிய உயிர்களுக்குப் பல மாநிலங்களில் அத்தகைய காப்பு எதுவும் இருக்கவில்லை.

சொல்லின் வேரைத் தேடிப் போன எனக்கு, அச்சொல்லுக்கென்றே ஒரு தோட்டா மரபு 20-ஆம் நூற்றாண்டில் வளர்ந்திருப்பது வியப்பளித்தது. குண்டின் எடை என்ன, உறையின் கனம் என்ன, மருந்தின் அளவு என்ன என்று ஒரு தலைமுறையே ஆராய்ந்திருக்கிறது. ஓர் உயிருக்கு நாம் இடும் பெயருக்கேற்பவே அதற்கான ஆயுதத்தையும் செய்துகொள்கிறோம் என்பதற்கு அந்த வரலாறு சான்றாக நிற்கிறது.

*

1804 செப்டம்பர் 7 அன்று, லூயிஸ், கிளார்க் இருவரும் தலைமை தாங்கிய பயணக் குழு, இன்றைய நெப்ராஸ்கா மாநிலப் பகுதியில் ஒரு விநோத உயிரைக் கண்டது. அணில் இனத்தது, வளைக்குள் கூட்டமாக வாழ்வது, குரைப்பதைப் போல் ஒலி எழுப்புவது. பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீரை வளைக்குள் ஊற்றி ஒன்றைப் பிடித்தார்கள். மறு ஆண்டு அவர்கள் உயிருடன் அனுப்பிய ஒரு புல்வெளி நாய், நெடும் பயணத்தைத் தாங்கி அதிபர் ஜெஃபர்சனின் மாளிகையைச் சென்றடைந்தது. அப்போது அது அதிசயம்.

நூறு ஆண்டுகளுக்குள் அது வார்மிண்ட் ஆயிற்று. அமெரிக்க வேளாண் துறையின் உயிரியல் ஆய்வுப் பிரிவுத் தலைவராக இருந்த சி. ஹார்ட் மெரியம், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரையில், டெக்சாஸில் இருந்த ஒரே குடியிருப்பில் 40 கோடி புல்வெளி நாய்கள் இருப்பதாக மதிப்பிட்டார். 32 புல்வெளி நாய்கள் ஓர் ஆட்டின் தீனியையும், 256 ஒரு மாட்டின் தீனியையும் தின்றுவிடும் என்பது அவர் கணக்கு. மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அந்தக் கணக்கு வேதவாக்காயிற்று. பின்னாளைய ஆய்வுகள் அந்த இழப்பு மிகைப்படுத்தப்பட்டது என்றும், அவை கடித்த இடத்தில் துளிர்க்கும் புல்லில் சத்து அதிகம் என்றும் காட்டின. அதற்குள் அரசே முன்நின்று, ஸ்ட்ரிக்னைன் நஞ்சு கலந்த தானியத்தைப் பரந்த புல்வெளிகளில் தூவி முடித்திருந்தது.

நஞ்சு அரசின் வழி. தனி மனிதரின் வழி துப்பாக்கி. கிழக்கு மாநிலங்களில் மேய்ச்சல் நிலத்தைத் தோண்டும் 'வுட்சக்' எனப்படும் மர்மோட்டும், மேற்கில் புல்வெளி நாயும், பாறை மர்மோட்டும் இலக்குகள் ஆயின.

*

இந்த வேட்டையின் சிக்கல் எளியது. நிமிர்ந்து நிற்கும் புல்வெளி நாய் ஒன்றரைச் சாண் உயரமும் நான்கு விரல் அகலமும் இருக்கும். ஆளைக் கண்டால் வளைக்குள் மறைந்துவிடும்; ஆகவே தொலைவிலிருந்துதான் சுட வேண்டும். கனமான குண்டு மெதுவாகச் சென்று வழியில் தாழ்ந்துவிடும். தொலைவைச் சற்றே தவறாகக் கணித்தாலும் குறி தப்பும். இலேசான குண்டை மிகுந்த வேகத்தில் செலுத்தினால் அது ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும்.

இன்னொரு தேவையும் இருந்தது. கிழக்கு மாநிலங்களில் வேட்டை நடப்பது ஊர்களுக்கும் பண்ணைகளுக்கும் நடுவில். குறி தவறிய குண்டு தரையில் பட்டுத் தெறித்து அடுத்த வயலில் நிற்கும் மாட்டின்மீதோ மனிதர்மீதோ பாயக்கூடாது. எனவே குண்டு எதன்மீது பட்டாலும் உடனே பொடிப்பொடியாகச் சிதற வேண்டும். மெல்லிய செப்பு உறை, உள்ளே மென்மையான ஈயம், திறந்த முனை என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது. அக்கம்பக்கத்தாரைக் காக்கும் அதே சிதறல்தான் இலக்கான உயிரைச் சின்னாபின்னமாக்குவதும். இறைச்சிக்காகச் சுடுபவர் இத்தகைய குண்டைத் தொடமாட்டார். தின்பதற்கும் உரிக்கும் தோலுக்கும் இங்கே வேலையில்லை என்பதால் அது குறையாகக் கருதப்படவில்லை.

1920-களின் இறுதியில் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையைச் சூழ்ந்திருந்த டவுன்செண்ட் வீலன், வாட்கின்ஸ் முதலானோர் பழைய கரிமருந்துத் தோட்டா ஒன்றுக்குப் புகையில்லா மருந்தை இட்டு ஆய்ந்து உருவாக்கியது .22 ஹார்னெட். ஹார்னெட் என்றால் குளவி. வின்செஸ்டர் நிறுவனம் 1930-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கென ஆலையில் செய்த ரைஃபிள் சந்தையில் இல்லை. ஆர்வலர்கள் பழைய துப்பாக்கிகளைத் திருத்திக்கொண்டார்கள். 45 கிரெய்ன் குண்டு, அதாவது மூன்று கிராமுக்கும் குறைவு. தொடக்கத்தில் வேகம் நொடிக்குச் சுமார் 2,400 அடி. 1935-இல் அதே நிறுவனத்தின் .220 ஸ்விஃப்ட் வந்தது: 48 கிரெய்ன் குண்டு, 4,110 அடி. ஒலியின் வேகத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். குழாய் விரைவில் தேய்கிறது என்ற குறை அதற்கு இருந்தது. 1950-இல் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் வடிவமைத்த .222 ரெமிங்டன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 50 கிரெய்ன், சுமார் 3,200 அடி. அதன் துல்லியத்துக்காகக் குறிசுடும் போட்டிக்காரர்களும் அதை நாடினார்கள்.

இங்கேதான் குண்டின் தேர்வு நுட்பமாகிறது. குழாயின் உட்புறத் திருகுப்புரி குண்டைச் சுழற்றுகிறது. 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரியிலிருந்து ஸ்விஃப்டின் வேகத்தில் வெளிவரும் குண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். ஹார்னெட்டுக்கென மெல்லிய உறையில் செய்த குண்டை இந்த வேகத்தில் செலுத்தினால் இலக்கை அடையுமுன்பே காற்றில் சிதறக்கூடும். ஸ்விஃப்டுக்கெனத் தடித்த உறையில் செய்ததை ஹார்னெட்டில் இட்டால் சிதறாமல் துளைத்துப் போய்விடும். எனவே 'நல்ல குண்டு' என்று தனியாக ஒன்று இல்லை. இந்த வேகத்துக்கு, இந்தப் புரிக்கு, இந்த இலக்குக்கு ஏற்ற குண்டு என்றுதான் உண்டு.

*

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்பும் ஈயமும் படைகளுக்குப் போயின. வேட்டைக் குண்டுகள் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர், சுட்டு எறியப்பட்ட சிறு .22 தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளையே உறையாக்கி, அதனுள் ஈயத்தை அழுத்திக் குண்டு செய்யும் அச்சுகளை 1943-இல் உருவாக்கினார். பாறை மர்மோட்டைச் சுடுவதற்கான குண்டு அச்சு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே 'ஆர்.சி.பி.எஸ்.' எனும் நிறுவனப் பெயராயின. வீட்டில் தோட்டா நிரப்பும் கருவிகளுக்கு அப்பெயர் இன்றளவும் வழங்குகிறது. கொல்லப்பட்ட உயிரின் பெயர், அதைக் கொல்லும் கருவியின் பெயருக்குள் புகுந்து நிலைத்துவிட்டது.

.22 குண்டுகளின் பலவீனம் காற்று. 300 கஜத் தொலைவில், மணிக்கு 10 மைல் வேகப் பக்கக்காற்று .222-இன் குண்டை முக்கால் அடிக்கும் மேலாகத் தள்ளிவிடும். நான்கு விரல் அகல இலக்கு எங்கோ நிற்கும். கனமும் நீளமும் கூடிய குண்டு காற்றை நன்றாகத் தாங்கும். நீளம் கூடினால் வேகமான புரி வேண்டும். இதற்கான கணிதத்தை இங்கிலாந்தின் கிரீன்ஹில் 1879-லேயே வகுத்திருந்தார்.

1955-இல் இரண்டு நிறுவனங்கள் 6 மில்லிமீட்டர் தோட்டாக்களுடன் போட்டியில் இறங்கின. ரெமிங்டனின் .244, ஹண்டிங்டன் செய்த ஒரு சோதனைத் தோட்டாவின் வழி வந்தது. வார்மிண்ட் வேட்டையை மனத்தில் கொண்டு, இலேசான குண்டுகளுக்கு ஏற்ப 12 அங்குலப் புரியை ரெமிங்டன் தேர்ந்தது. வின்செஸ்டரோ தன் .243-க்கு 10 அங்குலப் புரியிட்டது. அதில் 100 கிரெய்ன் குண்டும் நிலைத்துப் பறந்தது. ஒரே துப்பாக்கியில் மர்மோட்டையும் மானையும் சுட விரும்பிய மக்கள் வின்செஸ்டரை வாங்கினார்கள். ரெமிங்டன் 1963-இல் புரியையும் பெயரையும் மாற்றி மீண்டும் வெளியிட்டும் இழந்த சந்தையை மீட்க முடியவில்லை. இரண்டு அங்குல வேறுபாடு ஒரு நல்ல தோட்டாவின் தலைவிதியை எழுதிவிட்டது.

*

சிதறும் குண்டு மனிதரை நோக்கியும் திரும்பியதுண்டு. அவ்வரலாறு தொடங்குவது நம் மண்ணில். 1895-இல் சித்ராலில் நடந்த போரில், முழு உறையிட்ட புதிய .303 குண்டு எதிரியை வீழ்த்தாமல் துளைத்துப் போகிறது என்று பிரித்தானியப் படையினர் முறையிட்டார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் நெவில் பெர்ட்டி-கிளே முனையில் உறை நீக்கிய குண்டைச் செய்தார். உலக மொழிகளில் 'டம்டம் குண்டு' என்ற சொல் இவ்வாறு நுழைந்தது.

1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. அங்கே பிரித்தானியப் பிரதிநிதி ஜான் ஆர்டா, நாகரிகமடைந்த போர்வீரன் வேறு, காட்டுமிராண்டி வேறு என்ற அடிப்படையில் அக்குண்டுக்காக வாதாடினார். முன்னவன் காயம்பட்டால் விலகுவான், பின்னவன் பாய்ந்து வருவான் என்பது அந்த வாதம். சுடப்படுபவரைத் தரம் பிரித்த பிறகு குண்டைத் தேர்ந்தார்கள். பிரித்தானியா 1907-இல்தான் அத்தடையை ஏற்றது. அமெரிக்கா அப்பிரகடனத்தில் சேரவேயில்லை. ஆயினும் போர்க்களத்தில் பொதுவாக அதை மதித்தே நடந்துவந்தது.

ஆகவே போர்வீரனுக்கு முழு உறை, வார்மிண்டுக்குச் சிதறும் குண்டு என்று ஒரு கோடு வரையப்பட்டது. அந்தக் கோடும் அதிக காலம் நேராக நிற்கவில்லை. 1957-இல் யூஜின் ஸ்டோனர் புதிய படைத் துப்பாக்கிக்குத் தோட்டா தேடியபோது .222 ரெமிங்டனிலிருந்தே தொடங்கினார். 500 கஜத்தில் எஃகுத் தலைக்கவசத்தைத் துளைக்க வேண்டும் என்ற ராணுவத் தேவைக்காகக் கூடு நீட்டப்பட்டது. அதுவே .223 ரெமிங்டன், ராணுவ வழக்கில் 5.56. மர்மோட்டுக்காகப் பிறந்த தோட்டாவின் பிள்ளை எம்-16 துப்பாக்கியில் ஏறி வியட்நாம் சென்றது. அங்கே மருந்தின் தேர்வு உயிர்களைக் குடித்தது. சோதனையில் பயன்பட்ட மருந்துக்குப் பதிலாக வேறு வகை உருண்டை மருந்து நிரப்பப்பட்டது. துப்பாக்கிகள் அழுக்கேறிப் போரின் நடுவே சிக்கிக்கொண்டன. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்டு துணைக்குழு இம்மாற்றத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

அக்குண்டு முழு உறையிட்டது. ஹேக் தடையின் சொற்களை மீறாதது. எனினும் அருகில் சுடும்போது உடலுக்குள் புரண்டு உடைந்தது. இதைக் குறித்து எழுந்த கவலையின் விளைவாக, 1979-இல் ஐக்கிய நாடுகள் மாநாடு சிறு விட்டத் துப்பாக்கிகளின் காயங்களை மேலும் ஆராயுமாறு நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் இயற்றியது.

*

புல்வெளியில் சிதறிய ஈயமும் மறைந்துவிடவில்லை. விடப்பட்ட உடல்களைத் தின்னும் கழுகுகளின் குருதியில் அது நஞ்சாகச் சேர்ந்தது. 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியா வேட்டையில் ஈயக் குண்டுகளை முழுமையாகத் தடை செய்தது. செம்பு, வெள்ளீயத் தூளை அழுத்திச் செய்த குண்டுகள் சந்தைக்கு வந்துள்ளன. புல்வெளி நாயை உண்டு வாழும் கருங்கால் ஃபெரெட், கீரியை ஒத்த சிறு விலங்கு, இரை அழிந்ததால் தானும் அழிந்ததாகவே கருதப்பட்டது. 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்சி அருகே ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விவந்தபோதுதான் அவ்வினம் எஞ்சியிருப்பது தெரிந்தது. பிறகு நோய் தாக்கியது. 1987-இல் எஞ்சியவை 18. அவற்றை வளர்த்துப் பெருக்கி மீண்டும் காட்டில் விடும் பணி 1991-இல் தொடங்கியது. விடுவதற்கு முதலில் தேடியது, புல்வெளி நாய்கள் பிழைத்திருக்கும் இடங்களைத்தான்.

வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் கான் ஸ்லோபோட்சிகாஃப், புல்வெளி நாய்களின் எச்சரிக்கை ஒலிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பருந்துக்கு ஓர் ஒலி, கயோட்டிக்கு ஓர் ஒலி, நாய்க்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று என அவை வேறுபடுத்திக் குரல் எழுப்புகின்றன என்பது அவர் கண்டது. வருபவரின் ஆடை நிறத்துக்கேற்பவும் அந்த ஒலி மாறுகிறதாம். நாம் புழு என்று பெயரிட்ட உயிர், நம்மைக் கண்டதும் தன் கூட்டத்துக்குச் சொல்ல ஒரு தனிக்குரல் வைத்திருக்கிறது.